சேர்தலும் சேராதிருத்தலும்: ஜொகூர்த் தோட்டத் தொழிலாளரும் தொழிற்சங்க உறுப்பியமும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தொழிற்சங்கத்தில் ஒரு தொழிலாளி கட்டாயமாகச் சேர வேண்டுமா, அல்லது சேர்வதும் சேராதிருப்பதும் அவரவர் விருப்பத்துக்கே விடப்பட வேண்டுமா என்னும் வினா, தொழிற்சங்க இயக்கம் தோன்றிய நாள்முதல் விவாதிக்கப்பட்டு வருகிறது. மலேசிய இந்தியர் வரலாற்றை ஆராய்ந்தோர் தோட்டத் தொழிலாளரின் புலப்பெயர்வு, கூலி, குடியிருப்பு, கல்வி ஆகியன குறித்து விரிவாக எழுதியுள்ளனர். சங்கத் தலைவர்களின் பணியும் பெரிய வேலைநிறுத்தங்களும் ஓரளவு பதிவாகியுள்ளன. ஆயினும் சங்கத்தின் அடித்தளமாகிய உறுப்பியம் எவ்வாறு பெறப்பட்டது, யார் கேட்டு யார் கொடுத்தனர், மறுத்தவர் நிலை என்ன என்பன தனித்து நோக்கப்படுவது அரிது.

இக்கட்டுரை, ஜொகூர் மாநிலத் தோட்டங்களை மையமாகக் கொண்டு, 1945 தொடங்கி 2024 வரையிலான காலப்பகுதியில் இவ்வினா எவ்வெவ் வடிவங்களை எடுத்தது என்பதை ஆராய முற்படுகிறது. மலாயாவிலும் பின்னர் மலேசியாவிலும் சட்டம் விருப்ப உறுப்பியத்தையே ஏற்றது. ஆனால் அந்த விருப்பம், சேராதிருக்கும் உரிமையாக மட்டுமே சுருங்கி நின்றது. வேறொரு சங்கத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையாகவோ, சேர்ந்த சங்கத்தைக் கேள்வி கேட்கும் வழக்கமாகவோ அது வளரவில்லை என்பதே நாம் நிறுவ முற்படும் கருத்தாகும்.

இரு தரப்பு வாதங்கள்

கட்டாய உறுப்பியத்தை ஆதரிப்போரின் முதன்மை வாதம் நியாயம் பற்றியது. சங்கம் பேச்சுவார்த்தை நடத்திப் பெறும் கூலி உயர்வும் விடுமுறையும் மருத்துவ வசதியும் தொழிலிடத்திலுள்ள அனைவரையும் சென்றடைகின்றன. அவ்வாறிருக்க, சந்தா கட்டுவோர் சிலராகவும் பயனடைவோர் பலராகவும் இருப்பது முறையன்று என்பர். ஊர் கூடினால்தான் தேர் நகரும். வடம் பிடிக்காதவரும் தேரைத் தம் வீதிக்கு எதிர்பார்ப்பது எவ்வாறு என்பது அவர்தம் கேள்வி. இரண்டாவது வாதம் வலிமை பற்றியது. தனித்தொழிலாளி முதலாளியின் முன் வலுவற்றவர். பிளவுபட்ட தொழிலாளரும் அத்தகையவரே.

விருப்ப உறுப்பியத்தை ஆதரிப்போர் மனச்சான்றின் உரிமையை முன்வைக்கின்றனர். ஒருவரை வற்புறுத்திச் சேர்ப்பது கூடும் உரிமையின் அடிப்படையையே குலைக்கும் என்பர். மேலும், உறுப்பினர் விலக இயலாத சங்கத்தில் தலைவர்கள் உறுப்பினருக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆகவே கட்டாயம் என்பது காலப்போக்கில் தலைமையின் சோம்பலுக்கே வழிவகுக்கும் என்பதும் அவர்தம் வாதமாகும்.

உலக நாடுகள் இவ்விரண்டுக்கும் இடையில் வெவ்வேறு எல்லைக்கோடுகளை வரைந்துள்ளன. சங்க உறுப்பினரை மட்டுமே வேலைக்கு அமர்த்தும் முறையை அமெரிக்கா 1947இல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தின்வழித் தடை செய்தது. கனடாவில் 1946இல் நீதிபதி ஐவன் ராண்ட் வழங்கிய தீர்ப்பு ஓர் இடைவழியைக் காட்டிற்று. அதன்படி, சங்கத்தில் சேர்வது விருப்பம். ஆனால் பேச்சுவார்த்தையின் பயனைப் பெறும் அனைவரும் சந்தாத் தொகையைச் செலுத்தியாக வேண்டும். பிரிட்டனில் கட்டாய முறை நெடுங்காலம் நிலவியது. அங்கு இரயில்வே ஊழியர் மூவர், சங்கத்தில் சேர மறுத்ததால் வேலையிழந்து தொடுத்த வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1981இல் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமோ இக்கேள்வியை அந்தந்த நாட்டின் வழக்கத்துக்கே விட்டுவிட்டது.

தமிழ்ச் சூழலில் ஒரு முன்னிகழ்வு

தமிழர் வரலாற்றில் இவ்விவாதம் ஏட்டளவில் நின்றதன்று. 1918 ஏப்ரலில் பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது; திரு.வி.க. அதன் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கினார். பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளில் 1921இல் நடந்த நீண்ட போராட்டத்தின்போது, ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பகுதியினர் வேலைநிறுத்தத்தில் சேராமல் நின்றனர். அதன் விளைவாகப் புளியந்தோப்புப் பகுதியில் கலவரம் மூண்டது. சங்கத்தின் நோக்கில் அவர்கள் ஒற்றுமையைக் குலைத்தவர்கள். அவர்களுடைய நோக்கிலோ, சாதி அடிப்படையில் தங்களை ஒதுக்கிய ஒரு சமூகத்தின் போராட்டத்தில் சேர்ந்தாக வேண்டிய கடப்பாடு அவர்களுக்கு இல்லை.

இந்நிகழ்வு நமக்கு இரண்டு செய்திகளை உணர்த்துகிறது. ஒன்று, சேராதவர் அனைவரும் பிறர் உழைப்பில் பயன் தேடுவோர் அல்லர்; சேராமைக்கும் ஒரு வரலாறு உண்டு. மற்றொன்று, கட்டாயம் என்பது சட்டத்தின்வழியே வரவேண்டும் என்பதில்லை. அக்கம்பக்கத்தாரின் வழியாகவும் வரலாம். மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழர் இவ்விரண்டையும் சுமந்தே வந்தனர்.

ஜொகூர்த் தோட்டச் சூழல்

ஜொகூர், கூட்டரசு மலாய் மாநிலங்களுள் சேராத மாநிலம். 1909இல் இரயில்பாதை ஜொகூர் பாருவை எட்டியபின், அப்பாதையை ஒட்டிய சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் ஆகிய வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் விரைந்து பெருகின. கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டப்பட்டது. 1938இல் இந்திய அரசு, உதவி பெற்று வரும் கூலித் தொழிலாளர் மலாயாவுக்குப் புறப்படுவதைத் தடை செய்யும்வரை இவ்வரவு ஏறியும் இறங்கியும் தொடர்ந்தது.

தோட்டம் என்பது வேலையிடம் மட்டுமன்று. லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, மருந்தகம் ஆகிய அனைத்தும் ஒரே நிர்வாகத்தின் எல்லைக்குள் அடங்கின. விடியுமுன் பெரட்டுக்கு நிற்பது முதல் மாலையில் பால் நிறுத்துக் கணக்கு எழுதுவது வரை, கங்காணி அல்லது கிராணியின் பார்வையிலேயே வாழ்க்கை நடந்தது. கோயில் திருவிழாவுக்கான வரியைக் குடும்பந்தோறும் பிரிப்பதும், இறப்பு நேர்ந்த வீட்டுக்கு அனைவரும் பணம் சேர்த்துக் கொடுப்பதும் வழக்கமாயிருந்தன. அவற்றைத் தராதவர் சட்டத்தால் தண்டிக்கப்படவில்லை. ஆனால் தராமலிருப்பது எளிதாகவும் இல்லை. சில தோட்டங்களில் லயங்கள் சாதி அடிப்படையில் பிரிந்திருந்தன என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. இத்தகைய சூழலில் வாழ்ந்தவரிடம் சங்கம் சென்று சந்தா கேட்டபோது, அவர் அதனைத் தனிமனித விருப்பமாகவன்றி ஊர்க்கடமையின் தொடர்ச்சியாகவே உணர்ந்திருப்பார் எனக் கருத இடமுண்டு. விருப்பம், கட்டாயம் என்னும் இருமை, ஆங்கிலேயச் சட்டநூல்களில் தெளிவாக இருந்த அளவுக்கு லயத்தின் வாசலில் தெளிவாக இருக்கவில்லை எனலாம்.

போருக்குப் பிந்திய எழுச்சியும் வற்புறுத்தல் குற்றச்சாட்டும்

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் சயாம்-பர்மா இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டோர் போக, எஞ்சியோர் 1945இல் தோட்டங்களில் பசியோடும் கோபத்தோடும் இருந்தனர். அரிசித் தட்டுப்பாடும் விலைவாசி ஏற்றமும் சங்க எழுச்சிக்குத் துணை நின்றன. 1946இல் மலாயா ஒன்றியம் முழுமைக்கும் பொதுவான தொழிற்சங்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனம் 1947இல் சுமார் 263,000 உறுப்பினரைக் கொண்டிருந்ததாக அறிவித்தது. சிங்கப்பூரின் துறைமுகச் சங்கங்களுக்கு அண்மையில் இருந்த ஜொகூரிலும் இவ்வலை வலுவாக வீசிற்று.

இக்காலத்தில்தான் கட்டாய உறுப்பியம் பற்றிய குற்றச்சாட்டு முதன்முதலில் பெரிதாக எழுந்தது. தொழிலாளர் மிரட்டப்பட்டுச் சேர்க்கப்படுகின்றனர், சந்தா வற்புறுத்திப் பெறப்படுகிறது என்று தோட்ட முதலாளிமாரும் காலனித்துவ அதிகாரிகளும் கூறினர். இக்குற்றச்சாட்டை முற்றிலும் பொய்யெனத் தள்ளுவதற்கில்லை. போருக்குப் பிந்திய அந்தக் காலத்தில் வன்முறை பல தரப்பிலும் இருந்தது. ஆயினும் குற்றம் சாட்டியவர்கள், கங்காணியின் கட்டளைக்கும் துரையின் வெளியேற்ற உத்தரவுக்கும் அஞ்சிச் சங்கத்தில் சேராமல் இருந்தோரைப் பற்றிப் பேசவில்லை. சேரும்படி விடுக்கப்படும் மிரட்டல் மட்டுமே வற்புறுத்தலாகக் கணிக்கப்பட்டது. சேராதிருக்கும்படி விடுக்கப்பட்ட மிரட்டல் நிர்வாகமாகக் கொள்ளப்பட்டது.

பிரிட்டனிலிருந்து தொழிற்சங்க ஆலோசகராக வந்த ஜான் பிரேசியர், இரயில்வே தொழிற்சங்கப் பின்னணி உடையவர். அரசியல் சார்பற்ற, விருப்ப உறுப்பியத்தை அடிப்படையாகக் கொண்ட சங்கங்களை உருவாக்குவதே அவருடைய பணியாக இருந்தது. அதே காலத்தில் பிரிட்டனில் பல தொழில்களில் கட்டாய உறுப்பியம் வழக்கத்தில் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. தாய்நாட்டுத் தொழிலாளர் தம் வலிமையால் பெற்றிருந்த ஒன்று, குடியேற்ற நாட்டில் ஒழுங்கீனமாகக் கருதப்பட்டது.

1948 மே இறுதியில் செய்யப்பட்ட சட்டத் திருத்தங்கள், சங்கப் பொறுப்பாளர் அத்தொழிலில் மூன்றாண்டு அனுபவம் உடையவராக இருத்தல் வேண்டும் என்றும், சம்மேளனங்கள் ஒரே தொழிலைச் சார்ந்தனவாக மட்டுமே அமையலாம் என்றும் விதித்தன. இதனால் சம்மேளனம் சட்டநிலையை இழந்தது. அதே ஜூன் மாதத் தொடக்கத்தில் ஜொகூரின் சிகாமட் வட்டாரத் தோட்டமொன்றில் போலீசார் நடத்திய தாக்குதலில் தொழிலாளர் எழுவர் உயிரிழந்தனர். ஜூன் மாதத்திலேயே அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டது. சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ.கணபதி 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். இலட்சங்களில் எண்ணப்பட்ட சங்க உறுப்பியம் 1949 இறுதியில் சுமார் நாற்பதாயிரமாக வீழ்ந்தது. அச்சத்தால் சேர்ந்தவர்கள் அச்சம் நீங்கியதும் விலகினர் என அன்றைய அதிகாரிகள் இவ்வீழ்ச்சிக்கு விளக்கம் தரக்கூடும். புதியதோர் அச்சத்தால் விலகினர் என்பதே அக்காலச் சூழலுக்குப் பொருந்தும் விளக்கமாக நமக்குத் தோன்றுகிறது. தூக்குமேடையும் முள்வேலியும் நிறைந்த ஓராண்டில் விலகியவரை விருப்பத்தால் விலகியவர் எனக் கூறுவது எளிதன்று.

தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் கைவழிச் சந்தாவும்

அவசரகாலத்தின் நெருக்கடிக்கு இடையே, அரசு ஏற்கத்தக்க சங்கங்கள் மாநிலந்தோறும் மீண்டும் கட்டப்பட்டன. ஜொகூர் மாநிலத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அவற்றுள் ஒன்று. 1954இல் இச்சங்கமும் பிற மாநிலச் சங்கங்களும் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி.பி.நாராயணன் அதன் பொதுச் செயலாளரானார். 1996இல் மறையும்வரை அவரே அச்சங்கத்தின் முகமாக விளங்கினார். ஒரு காலத்தில் இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினரோடு நாட்டின் மிகப் பெரிய சங்கமாக அது திகழ்ந்தது. அதன் தோற்ற வரலாற்றைச் சார்ல்ஸ் கம்பா 1962இல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

ஜொகூர், அவசரகாலத்தின் கடுமையை மிகுதியாக அனுபவித்த மாநிலங்களுள் ஒன்று. லயங்கள் முள்வேலிக்குள் ஒருங்கு திரட்டப்பட்டன. அரிசி அளந்து வழங்கப்பட்டது. இரவில் நடமாட்டத்துக்குத் தடை இருந்தது. இத்தகைய இடத்தில் சங்கக் கூட்டம் நடத்துவதற்கே நிர்வாகத்தின் இசைவும் காவல்துறையின் இசைவும் தேவைப்பட்டன. இந்நிலையிலும் தோட்டக் கமிட்டிகள் அமைந்தன. கமிட்டியின் பொருளாளர் சம்பள நாளன்று லயம் லயமாகச் சென்று சந்தா பெற்றார்.

கைவழிச் சந்தா என்னும் இம்முறை நிர்வாக நோக்கில் குறையுடையது. பணம் ஒழுங்காக வருவதில்லை; சில மாதங்களில் பாதி உறுப்பினரே கட்டுவர்; கணக்கில் பிழை நேரும். ஆயினும் அதில் ஒரு மறைபொருள் உண்டு. மாதந்தோறும் ஒருவர் வாசலில் வந்து நின்று கேட்கும்போது, உறுப்பினரும் ஒரு கேள்வி கேட்க இயலும். என் மனைவிக்குப் பேறுகால அலவன்ஸ் ஏன் கிடைக்கவில்லை, கூரை ஒழுகுவது பற்றி நிர்வாகியிடம் பேசினீர்களா என்று வினவ இயலும். விடை கிடைக்காவிடில் அம்மாதச் சந்தாவைத் தராமல் இருக்கவும் இயலும். விருப்ப உறுப்பியம் என்பது வாழ்நாளில் ஒருமுறை இடும் கையொப்பமாக இல்லாமல், மாதந்தோறும் புதுப்பிக்கப்படும் உடன்பாடாக இருந்த காலம் அதுவே எனலாம்.

சம்பளத்தில் பிடித்தம்

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், சங்கத்தில் சேரும் உரிமையைப் பறிக்கும் நிபந்தனைகள் வேலை ஒப்பந்தத்தில் இடம்பெறலாகாது என்று வகுத்தது. அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு, தொழிலாளி எழுத்துமூலம் கேட்டுக்கொண்டால், சங்கச் சந்தாவைச் சம்பளத்திலிருந்து பிடித்துச் சங்கத்துக்குச் செலுத்த இடமளித்தது. காலப்போக்கில் இம்முறையே தோட்டங்களில் நிலைபெற்றது. தோட்ட அலுவலகத்தில் கிராணி எழுதும் சம்பளப் பட்டியலில், முன்பணத்துக்கும் கோயில் வரிக்கும் பக்கத்தில் சங்கச் சந்தாவும் ஒரு கட்டமாக இடம்பெற்றது.

இதனால் சங்கத்துக்குக் கிடைத்த நன்மைகளை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. நிலையான வருவாய் இருந்தமையால் முழுநேர அதிகாரிகளை அமர்த்தவும், தொழில் வழக்குகளை நடத்தவும், கல்வி உதவிநிதி வழங்கவும், கட்டடங்கள் எழுப்பவும் சங்கத்தால் முடிந்தது. தமிழ்ப்பள்ளியில் பயின்ற தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அந்நிதியால் மேற்படிப்பைத் தொடர்ந்தனர்.

ஆனால் பிடித்த முறையின்கீழ், சேர்வதற்கு ஒரு கையொப்பம் போதும். விலகுவதற்கோ எழுத்து வேண்டும், படிவம் வேண்டும், அலுவலகத்தில் சென்று நிற்க வேண்டும். எழுத்தறிவு குறைந்த தொழிலாளருக்கு இது சிறிய தடையன்று. சட்டப்படி விருப்பமாக இருந்த உறுப்பியம், நடைமுறையில் செயலற்ற சம்மதமாக மாறிற்று. மேலும், உறுப்பினரின் பணம் உறுப்பினரிடமிருந்து அல்லாமல் நிர்வாகத்தின் காசோலையாகச் சங்கத்தை வந்தடைந்தது. சங்கம் யாரை நோக்கித் தன் முகத்தைத் திருப்பும் என்பதில் இதற்கு ஒரு பங்கு உண்டு. ப.இராமசாமி போன்ற ஆய்வாளர் இச்சங்கத்தின் தலைமை அரசோடும் முதலாளிமாரோடும் இணங்கிச் சென்றதைக் கடுமையாக விமரிசித்துள்ளனர். அவ்விமரிசனத்தைத் தலைவர்களின் குணநலன் சார்ந்ததாக மட்டும் கொள்ளாமல், சந்தா வந்த வழியோடும் இணைத்து நோக்குதல் தகும் என்பது நம் கருத்து.

சட்டம் வகுத்த மூன்று தூண்கள்

1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமும் 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டமும் சேர்ந்து ஒரு கட்டமைப்பை உருவாக்கின. அதனை மூன்று தூண்களாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, சேராதிருக்கும் உரிமை. தொழிலுறவுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஒருவர் சங்க உறுப்பினராக இருக்கிறார் என்பதற்காகவோ இல்லை என்பதற்காகவோ அவருக்கு வேலை மறுக்கலாகாது என்கிறது. 7ஆம் பிரிவு, மிரட்டிச் சேர்ப்பதையும் மிரட்டித் தடுப்பதையும் ஒருசேர விலக்குகிறது. இதனால் கட்டாய உறுப்பியத்துக்கு இந்நாட்டில் சட்டப்படி இடமில்லாமல் போயிற்று. கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆம் பிரிவு வழங்கும் கூடும் உரிமை விலகும் உரிமையையும் உள்ளடக்கியது என்று 1992இல் கிளந்தான் சட்டமன்றம் தொடர்பான நோர்டின் சாலே வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. அது கட்சித் தாவல் பற்றிய வழக்கேயாயினும், அதன் கோட்பாடு ஈண்டும் பொருந்தும்.

இரண்டாவது, அனைவருக்கும் பயன். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, தொழில் நீதிமன்றம் ஏற்றுப் பதிவு செய்த கூட்டு ஒப்பந்தம் அந்நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளரையும், பின்னர் வேலைக்கு வருவோரையும் கட்டுப்படுத்தும். உறுப்பினர் என்றும் உறுப்பினரல்லாதார் என்றும் அது வேறுபடுத்துவதில்லை. கனடா நாட்டு இடைவழியில் உள்ள பயனை மலேசியச் சட்டம் ஏற்றது. அப்பயனுக்கு ஈடான கட்டணத்தை ஏற்கவில்லை.

மூன்றாவது, ஒரே சங்கம். ஒரு தொழிலுக்கு ஏற்கெனவே சங்கம் இருக்குமாயின் மற்றொன்றைப் பதிய மறுக்கவும், இருப்பவற்றுள் ஒன்றின் பதிவை நீக்கவும் தொழிற்சங்கப் பதிவதிகாரிக்கு 1959ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் அளித்தது. 1960களில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குப் போட்டியாக ஐக்கிய மலாயாத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இயங்கிற்று. அது அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பதிவை இழந்தது. அதன்பின் மனநிறைவற்ற ஒரு பால்மரத் தொழிலாளிக்கு இரண்டே வழிகள் இருந்தன: இருக்கும் சங்கத்தில் இருத்தல், அல்லது எதிலும் இல்லாமல் இருத்தல்.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்கும்போது, மலேசியச் சட்டம் விருப்ப உறுப்பியம், கட்டாய உறுப்பியம் ஆகிய இரண்டின் குறைகளையும் ஒன்று சேர்த்தது என்று கூறத் தோன்றுகிறது. விருப்ப முறையின் குறை, சந்தா கட்டாதவர் பயனடைதல்; அது இங்குண்டு. கட்டாய முறையின் குறை, மாற்றில்லாத தலைமை, அதுவும் இங்குண்டு.

செம்பனை, ஒப்பந்தத் தொழிலாளர், தொழிற்சாலை

1970களுக்குப் பின் ஜொகூர்த் தோட்டங்களில் ரப்பரின் இடத்தைச் செம்பனை பெருமளவில் பிடித்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே தேவை. இந்தோனேசியாவுக்கு அண்மையில் இருந்த ஜொகூரில், குத்தகையாளர் வழியாக வந்த ஒப்பந்தத் தொழிலாளர் பெருகினர். அவர்கள் தோட்டத்தின் நேரடி ஊழியர் அல்லர் என்பதால் கூட்டு ஒப்பந்தத்தின் எல்லைக்கு வெளியே நின்றனர். ஜொகூர் பாருவும் பாசீர் கூடாங்கும் கூலாயும் தொழில்வட்டாரங்களாக வளர, தோட்டத்து இளையோர் தொழிற்சாலைகளுக்கும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கும் சென்றனர். தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. சங்க உறுப்பியம் குறைந்தது, பெரும்பாலும் எவரும் விலகல் கடிதம் கொடுத்ததால் அன்று; வேலையே விலகிச் சென்றதால்.

தொழிற்சாலைக்குச் சென்றவருக்குச் சேரும் உரிமையே எளிதாகக் கிட்டவில்லை. மின்னணுத் தொழிலில் நெடுங்காலம் தேசிய அளவிலான சங்கத்துக்கு இசைவு தரப்படவில்லை. 1988இல் நிறுவன அளவிலான சங்கங்களுக்கு மட்டும் வழிவிடப்பட்டது. 2009இல்தான் ஜொகூரை உள்ளடக்கிய தென்மண்டலச் சங்கம் உட்பட வட்டாரச் சங்கங்கள் பதிவு பெற்றன. தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெண், தாயின் சம்பளத்தில் சந்தா பிடிக்கப்பட்டதைக் கண்டவர், தம் தொழிற்சாலையில் சேர்வதற்குச் சங்கமே இல்லாத நிலையைக் கண்டார். சேராதிருக்கும் உரிமையைக் காத்த அளவுக்குச் சேரும் உரிமை காக்கப்படவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தோட்டத் தொழிலாளர் நெடுங்காலம் போராடிக் கேட்ட மாதச் சம்பளம், 2003ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 350 ரிங்கிட்டாக அமைந்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பள ஆணை தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டை விதித்தது. 2025 பிப்ரவரியில் அது 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. இவ்வுயர்வு உறுப்பினருக்கும் உறுப்பினரல்லாதாருக்கும், உள்நாட்டாருக்கும் வெளிநாட்டாருக்கும் பொது. தொழிலாளருக்கு நன்மையாகிய இதுவே, சங்கத்துக்கு ஒரு கடினமான கேள்வியாயிற்று. கூலியை அரசே நிர்ணயிக்குமாயின், சந்தா எதற்கு? கூலியினும் அப்பாற்பட்ட பாதுகாப்பு, வேலைநீக்க வழக்கு, குடியிருப்பு, ஓய்வுக்கால வீடு ஆகியவற்றில் சங்கம் காட்டும் அக்கறையே இதற்கு விடையாக அமைதல் கூடும்.

2024ஆம் ஆண்டுத் திருத்தம்

2024 செப்டம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தொழிற்சங்கத் திருத்தச் சட்டம், ஒரே தொழிலில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இயங்க இடமளித்தது. ஒரே இடத்தில் பல சங்கங்கள் இருக்கும்போது, பேச்சுவார்த்தை உரிமை எதற்கு என்பதைத் தீர்மானிக்கும் விதிகளும் தொழிலுறவுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. நாம் முன்னர்க் குறிப்பிட்ட மூன்றாம் தூண் இதனால் அகற்றப்பட்டது. அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், விலகுதல் என்பது வெளியேறுதலாக மட்டுமன்றி இடம் மாறுதலாகவும் இருக்க வழி பிறந்தது.

இதனை அச்சத்தோடு நோக்குவோரும் உளர். சங்கங்கள் பெருகினால் தொழிலாளர் சிதறுவர், முதலாளிமாரின் கைப்பாவைச் சங்கங்கள் தோன்றும் என்பர். இவ்வச்சம் நியாயமானதே, நாட்டுத் தொழிலாளருள் சுமார் ஆறு விழுக்காட்டினரே சங்க உறுப்பினராக உள்ள நிலையில் சிதறுவதற்கு மிகுதி ஒன்றுமில்லை என்னும் மறுமொழியும் நியாயமானதே. எஞ்சியுள்ள ஜொகூர்த் தோட்டங்களில் இத்திருத்தத்தால் நேரும் மாற்றத்தைக் காலம்தான் காட்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், கட்டாயமா விருப்பமா என்னும் வினா தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை முழுமையாக அளக்கப் போதாத அளவுகோல் என்பது புலனாகிறது. 1948இல் கட்டாயம் என்னும் குற்றச்சாட்டின் நிழலில் ஒரு பேரியக்கம் அழிக்கப்பட்டது. 1954க்குப் பின் விருப்பம் என்னும் பெயரில் அமைந்த உறுப்பியம், பிடித்த முறையால் பழக்கமாக மாறிற்று. 1967க்குப் பின் சேராதிருக்கும் உரிமை சட்டத்தால் காக்கப்பட்டது; வேறு தேர்வு நெடுங்காலம் மறுக்கப்பட்டது.

இவ்வரலாறு தமிழாசிரியருக்கும் தொலைவானதன்று. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பயின்றோரின் பெற்றோர் அச்சந்தாவைக் கட்டியவர்கள்; இன்றைய ஆசிரியர் பலரும் ஏதோ ஒரு சங்கத்துக்கு மாதந்தோறும் சம்பளத்திலிருந்து சந்தா செலுத்துபவர்கள். அப்பிடித்தச் சீட்டில் உள்ள தொகை யாருடைய முடிவு, எப்போது எடுத்த முடிவு என எண்ணிப் பார்ப்பது பயனுடையது. ஜொகூர்த் தோட்டங்களில் அன்று சந்தா தண்டிய கமிட்டிப் பொருளாளர்கள், தோட்டக் கூட்டங்களில் எழுந்து பேசிய பால்மரத்துப் பெண்கள், சேர மறுத்தவர்கள் ஆகியோருள் உயிருடன் இருப்போர் இன்று முதுமையில் உள்ளனர். அவர்தம் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுவது உடனடியாக மேற்கொள்ளப்பட வேண்டிய ஆய்வுப் பணியாகும். சட்டநூல்களும் பதிவதிகாரியின் அறிக்கைகளும் எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதைச் சொல்லும்; ஏன் சேர்ந்தனர், ஏன் சேரவில்லை என்பதை அவர்களே சொல்ல முடியும்.